மூன்று நாள் காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

அம்மம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மருந்துக்கு அடங்காத கிருமி இருக்குதா என்று பார்த்த சோதனையின் முடிவு வர மூன்று நாள். அதுவரை பக்கத்துக் கட்டில் இரண்டு முழத் தூரத்தில், ஒரே கழிப்பறை, இரண்டு பேருக்கும் நானே சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கிருமி இருக்குது என்று தெரிந்த பிறகுதான் தனி அறை.

கிருமியை வளர்த்துப் பார்ப்பதால்தான் இந்தத் தாமதம். மற்ற மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் கார்பபெனம் என்ற வலுவான மருந்தையே முறியடிக்க உதவும், கிருமியிலுள்ள மரபணுக்களை நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனை ஓரிரு மணித்தியாலத்தில் சொல்லிவிடும். எல்லாவற்றையும் அது பிடிக்காது, வளர்ப்புச் சோதனையும் வேண்டும், சரி. ஆனால் யாரைத் தனியே வைப்பது என்று அன்றைக்கே முடிவெடுக்கலாமே. 2020இல் கொரோனாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிசிஆர் செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து மாற்றப்பட்டு வருபவர்களுக்குமாவது முதலில் இதைத் தொடங்குங்கள்.

வாசகி, கொக்குவில்