புயலுக்குப் பின் ரம்பத்தை எடுக்கும் முன்: வனத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

புயல் பாதையில் இருக்கும் நாடுகளில் காடுகளைப் பராமரிக்கும் வனத்துறை அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு நிதி ஒதுக்கும் அமைச்சகங்களுக்கும் வணக்கம்.

பெரும்புயல் ஒன்று காட்டைப் புரட்டிப் போட்ட மறுநாள் உங்கள் தலையில் என்னவெல்லாம் விழும் என்பது எனக்குப் புரிகிறது. சாலைகளை மறித்து மரங்கள் கிடக்கும். மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்பார்கள். அழுகுவதற்குள் எடுத்துவிடலாம் என்று மர வியாபாரிகள் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விழுந்த பைன் தடிகளில் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சில வாரங்களிலேயே பூஞ்சை ஏறி நீலக்கறை படிந்துவிடும், விலை போகாது. இவ்வளவுக்கும் நடுவில்தான் ஒன்றைக் கேட்கிறேன். சாலை, வீடு, மின்கம்பி ஓரத்தில் ஆபத்தாகத் தொங்குவதை உடனே வெட்டுங்கள். காட்டுக்குள்ளே சாய்ந்தும் முறிந்தும் நிற்பவற்றை, அடுத்த வளர்பருவம் ஒன்று முழுதாக முடியும்வரை மொத்தமாக அள்ளாதீர்கள்.

ஏனென்றால், புயலடித்த மறுவாரம் செத்துவிட்டதாகத் தெரியும் காடு பெரும்பாலும் செத்திருப்பதில்லை. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் போர்ட்டோ ரிக்கோவின் லுகியோ மழைக்காட்டைத் தாக்கியது. ஓராண்டு முழுவதும் உதிரும் அளவுக்கும் மேலான இலையும் கிளையும் ஒரே நாளில் தரையில் கொட்டின. மலைச்சரிவுகள் பழுப்பாகிவிட்டன. ஆனால் அங்கே கவனமாக ஆராய்ந்த ஒரு பகுதியில், இறந்துபோன மரங்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவை தண்டிலிருந்தும் முறிந்த இடத்துக்குக் கீழேயிருந்தும் துளிர்த்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 1988 அக்டோபரில், நிகரகுவாவின் புளூஃபீல்ட்ஸ் பகுதியில் ஜோன் புயல் மழைக்காட்டையே படுக்க வைத்தது. வெட்டவெளியில் வேகமாக வளரும் மரங்கள்தான் இனி அங்கே நிறையும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. விழுந்த பழைய மரங்களே மறுபடி தழைத்து எழுந்தன.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். இது வெப்பமண்டலக் காட்டில் நடந்தது இல்லைதான், ஆனால் நம் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. 1938இல் ஒரு பெரும்புயல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வரை ஏறிவந்து காடுகளைச் சாய்த்தது. அரசு பெருமளவில் ஆளிறக்கித் தடிகளை அள்ளி, கெடாமல் இருக்க ஏரி குளங்களில் போட்டு வைத்தது. 1990இல் ஹார்வர்ட் காட்டு ஆய்வாளர்கள் அந்தப் புயலைத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். 1938இல் எப்படி விழுந்தனவோ அப்படியே மரங்களை வின்ச் என்ற கம்பி இழுவைக் கருவி வைத்து ஒவ்வொன்றாக இழுத்துச் சாய்த்தார்கள். இம்முறை எதையும் எடுக்காமல் விட்டார்கள். பாதி வேர் வானத்தைப் பார்க்க, மீதி வேர் மண்ணைப் பிடித்திருக்க, தரையில் படுத்த மரங்களில் பெரும்பாலானவை அடுத்த வசந்தத்தில் இலை விட்டன. மண்ணிலிருந்து சத்து அதிகம் கசியவில்லை. 1938க்குப் பின் ஓடைகளிலும் மண்ணிலும் கண்ட மாற்றங்களில் பெரும்பங்கு காற்றால் வந்ததல்ல, தடி எடுத்த வேலையால் வந்தது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

தடி இழுக்கும் இயந்திரம் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் சக்கரத்தடியில் இறுகிப்போகும். புயலுக்குத் தப்பிய இளங்கன்றுகள் நசுங்கும். விழுந்த மரத்தின் வேர்க்கட்டியும் அது விட்ட குழியும்தான் அடுத்த தலைமுறை விதைக்கு நாற்றங்கால். அதையும் சேர்த்துச் சமன் செய்துவிடுவோம். புயலால் இழந்தது மேற்கவிகை, அதாவது உயர மரங்களின் இலைக்கூரை, மட்டும்தான். அதற்கடியில் எழத் தயாராக நின்றதை நாமே இழக்கிறோம்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. கத்தி முனையால் பட்டையை லேசாகச் சுரண்டினால், அடியில் ஈரப்பச்சை தெரிகிறதா, காய்ந்த பழுப்பா என்று காவலரே சொல்லிவிடுவார். அதை ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல், சில மாதம் விட்டு மறுபடி பார்த்துக் குறித்து வையுங்கள். உடனே துளிர்த்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பட்டுப்போகும் மரங்களும் உண்டு.

சரி, அப்படியே விட்டால் தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1988இல் கில்பர்ட் புயல் மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் குவித்த சருகும் கட்டையும் 1989 கோடையில் எரிந்து, ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் காடு கருகியது. 2018 மைக்கேல் புயலில் ஃபுளோரிடாவில் விழுந்த மரங்கள் 2022 மார்ச்சில் பெருந்தீக்கு விறகாயின. ஆகவே, ‘விட்டுவிடுங்கள்’ என்றால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள் என்று பொருள் இல்லை. ஊர்களை ஒட்டியும் சாலைகளை ஒட்டியும் பட்டையாகக் கட்டைகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகளை அகலப்படுத்துங்கள். காட்டோரத்தில் நிலம் திருத்தத் தீ வைப்பதை முதல் வறண்ட பருவத்தில் கண்டிப்பாகத் தடுத்து, அதனால் பாதிக்கப்படும் விவசாயிக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலான தீ மனிதர் கையிலிருந்துதான் கிளம்புகிறது. ரோந்துக்குச் செலவிடும் பணம், முழுக்காட்டையும் துப்புரவாக்கும் செலவைவிடக் குறைவு.

கடலோர அலையாத்திக் காடுகளில் கணக்கே வேறு. வெண்கண்டல் முறிந்தாலும் துளிர்க்கும். சுரபுன்னை வகைகளின் பருத்த கிளைகள் ஒடிந்தால் பெரும்பாலும் திரும்பத் துளிர்ப்பதில்லை. அங்கே காற்றைவிடக் கொடியது, புயல் அலை கொண்டுவந்து மூச்சு வேர்கள்மேல் கொட்டும் சேறும், வடிய வழியில்லாமல் தேங்கும் நீரும். 2017இல் இர்மா புயலுக்குப் பின் ஃபுளோரிடாவில் பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேல் அலையாத்திகள் பட்டுப்போயின. நீர் தேங்கிய தாழ்வான இடங்களில்தான் சேதம் மிகுதி. அங்கே நட வேண்டியது கன்று அல்ல, முதலில் வெட்ட வேண்டியது வாய்க்கால். 2013 ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸில், நடுவதற்கு எளிது என்பதால் சுரபுன்னைக் கன்றுகளையே பொருந்தாத இடங்களிலும் நட்டு இழந்தார்கள். எத்தனை கன்று நட்டோம் என்பதற்கு நிதி கொடுக்காமல், ஐந்தாண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்பதற்குக் கொடுத்தால் இது தானாக நிற்கும். 1999 ஒடிசா பெரும்புயலில், அகலமான அலையாத்திக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. அவற்றைக் காப்பது மனித உயிரைக் காப்பதே.

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1990இலும் 1991இலும் சமோவாவை அடுத்தடுத்துத் தாக்கிய ஓஃபா, வால் புயல்களில் பழந்தின்னி வௌவால்கள் பெருவாரியாக அழிந்தன. காற்றுக்குத் தப்பியவை பழமில்லாமல் ஊருக்குள் தாழ வந்தபோது வேட்டைக்கும் இரையாயின. விதை பரப்பும் உயிர்களை இப்படி இழந்தால் காடு மீள்வது தள்ளிப்போகும். புயல் அறிவிப்போடு வேட்டைத் தடையும் தானாக அமலுக்கு வரட்டும். நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. தெற்கு கரோலைனாவின் பிரான்சிஸ் மேரியன் காட்டில், உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தில் மட்டுமே பொந்து குடையும் ஒரு மரங்கொத்தி இனம், ஹியூகோ புயலில் தன் பொந்து மரங்களில் பெரும்பாலானவற்றை இழந்தது. எஞ்சிய மரங்களில் துளையிட்டு மரப்பெட்டிகளைச் செருகி அந்த இனத்தை மீட்டவர்கள் வனத்துறையினர்தான்.

இனி, புயலுக்கு முந்தைய ஆண்டுகள். ஒரே வயது, ஒரே இனம், நெருக்கி நட்ட ஒல்லி மரம் என்று வளர்க்கும் தோட்டக்காடு பலத்த காற்றில் ஒட்டுமொத்தமாகப் படுக்கும். 2005 கத்ரீனா புயலில் 32 கோடிப் பெரிய மரங்கள் அழிந்தன அல்லது கடுமையாகச் சேதமடைந்தன. அப்போதும் தெற்கு மிசிசிப்பியில், நீள் ஊசியிலைப் பைன் அருகில் நின்ற லாப்லாலி பைனைவிடக் குறைவாகவே மடிந்தது. எனவே எந்த இனம் எங்கே தாங்கியது என்ற குறிப்பு ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் இருக்க வேண்டும். முன்பு 1989இல் ஹியூகோ கடந்த அதே லுகியோவில், 2017இல் மரியா புயல் கொன்ற மரங்கள் அதைப்போல் இரு மடங்கு. புவி சூடேறச் சூடேறப் பலத்த புயல்களின் பங்கு கூடுகிறது என்பதால், பழைய காற்றைத் தாங்கிய காடு இனியும் தாங்கும் என்று திட்டமிட முடியாது.

கடைசியாக, வெட்டு அளவு. புயலில் பாதி இருப்பு போன பிறகும் பழைய மேலாண்மைத் திட்டத்தில் எழுதிய ஆண்டு வெட்டளவையே தொடர்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் தடியை விற்பதால் விலையும் சரிகிறது, நிற்கும் மரமும் போகிறது. மறு கணக்கெடுப்பு முடியும்வரை நிற்கும் மரத்தை வெட்ட எந்த ஏலமும் விடக்கூடாது என்ற விதியை இப்போதே, காற்று அமைதியாக இருக்கும் காலத்திலேயே, மேலாண்மைத் திட்டத்தில் எழுதி வெளியிடுங்கள். நெருக்கடியின் நடுவில் எழுத உட்கார்ந்தால் வியாபாரியின் அவசரம்தான் அதில் இருக்கும்.

அக்கறையுடன்,
காடுகளை நேசிக்கும் ஒரு வாசகர்