வார்டுக்குப் போகும் முன்

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த வாரம் வார்டு போஸ்டிங் தொடங்குகிறது என்றாய். உங்கள் நர்சிங் ஸ்கூல் மாதிரி சின்ன இடத்தில் பொம்மைக்கு எத்தனை ஊசி வேண்டுமானாலும் போட்டுப் பழகலாம். ஆனால் அளவு தப்பினால் பொம்மை காட்டிக்கொடுக்காது. அதனால் முதலில் இன்சுலின்.

40 யூனிட் பாட்டில் என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கு. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார். மறுநாள் யாராவது சரியான சிரிஞ்சில் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆள் வியர்த்து விழுவார். 100 யூனிட் மருந்தைச் சிவப்பில் இழுத்தால் இன்னும் மோசம், 10 கோடு 25 யூனிட் ஆகிவிடும். மூடி கழன்று ட்ரேயில் கிடந்தால் நிறம் எங்கே தெரியப்போகிறது? சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருப்பதையும் லேபிளையும் சேர்த்துப் படி. பால் நிறத்தில் இருப்பதைக் குலுக்காதே, உள்ளங்கையில் வைத்து உருட்டு. 30/70 என்ற கலவை இன்சுலின் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பாடு எப்போது வரும் என்று கேட்காமல் ஊசியைத் தொடாதே.

டிரிப் கணக்கு சுலபம். சாதாரண டிரிப் குழாய் செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி. பாக்கெட்டில் போட்டிருக்கும், பார்த்துக்கொள். 500 மில்லி 8 மணி நேரத்தில் போக நிமிடத்துக்கு 21 சொட்டு. குழந்தைகளின் மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும். பாத்ரூம் போய் வந்தவருக்கு மறுபடி முழு நிமிடம் எண்ணு.

நம் பக்கம் அறுவடை நேரத்தில் பாம்புக்கடி வரும். விஷத்தால் ரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்க 2 மில்லி எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வை. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார். பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ ஆகாது. நல்ல ரத்தமும் அதில் உறையாமல் நின்று, தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்ற வைக்கும். நடுவில் நடுவில் எடுத்து ஆட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம், அதுவும் தப்பு. உறைந்துவிட்டதே என்று ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது: நல்லபாம்பு, கட்டுவிரியன் விஷத்தில் ரத்தம் சரியாகவே உறையும். இமை தொங்குகிறதா, மூச்சு எப்படி என்று பார்த்துக்கொண்டே இரு. விஷமுறிவு ஏறத் தொடங்கும்போது, அலர்ஜி வந்தால் போட அட்ரினலின் பக்கத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே. நேரே ஊசிகளுக்கான வெள்ளை டப்பாவுக்கு.

உன் அத்தை மகள் ஒரு வருட நர்சிங் சர்டிபிகேட்டில் சேரப் பார்க்கிறாளாம். துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், நீ படிக்கிற நர்சிங் டிப்ளமா ஜி.என்.எம். மூன்று. இவை மாதிரி அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். அந்த ஒரு வருடத்துக்குப் பதிவு எண் கிடையாது. அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று நீயே போன் செய்து சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அன்புடன்
அம்மா