வேப்பிலை, படிகாரம், ஆஸ்பிரின்: 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த மூன்று வாரங்களுக்குப் பிள்ளைகள் உங்கள் கைபேசியை அவ்வப்போது கேட்பார்கள். யாரும் தொடாத ஓர் அலமாரி மூலையும் அவர்களுக்கு வேண்டும். மூன்று வேலைகள் கொண்ட அறிவியல் செயல்திட்டத்துக்காகத்தான். எதற்கு, எப்படி என்று நீங்களும் அறிந்திருந்தால் உதவியாக இருக்கும்.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 2,300 சேர்மங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஈ.கோலை பாக்டீரியா வளர்வதை எது தடுக்கிறது, எது தடுக்கவில்லை என்பதே பாடம். பிறகு 6,000க்கும் மேற்பட்ட மருந்துச் சேர்மங்களை அதற்குக் காட்டினார்கள். அது முன்னிறுத்தியவற்றில் 99ஐ எடுத்து பாக்டீரியாவின் மீதே சோதித்தபோது 51 வேலை செய்தன. பாக்டீரியாவைக் கொல்லும் ஹாலிசின் அப்படிக் கிடைத்ததுதான். முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட சேர்மம் அது. செய்திகளில் ஹாலிசின் மட்டுமே பேசப்பட்டது. மீதி 48 பொய்த்தன என்பதும், அதைச் சொன்னது ஆய்வக மேசை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதை மனத்தில் வைத்தே மூன்று வேலைகளையும் அமைத்திருக்கிறோம்.

முதல் வேலை, வேப்பிலையையும் கறிவேப்பிலையையும் கணினிக்கு அடையாளம் காட்டப் பழக்குவது. ஒவ்வொன்றுக்கும் 150 படங்கள்; 120 பயிற்சிக்கு, 30 தேர்வுக்கு. சுலபமாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். வேப்பிலை எல்லாவற்றையும் வாசல் திண்ணையிலும் கறிவேப்பிலை எல்லாவற்றையும் சமையல் மேடையிலும் வைத்து எடுத்தால், கணினி இலையைப் படிக்காது. திண்ணையையும் மேடையையும் படித்துக்கொள்ளும். பெரிய ஆய்வுகளிலும் இது நடந்திருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய ஒரு நிரல், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே துப்பாகப் பிடித்துக்கொண்டதையும், வேறு மருத்துவமனைப் படங்களில் தடுமாறியதையும் 2018இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே இரண்டு இலைகளையும் அதே மேசை, அதே தரை, அதே வெயில், அதே நிழலில் மாற்றி மாற்றி எடுக்கட்டும். இலை படத்தை நிறைத்து நிற்க வேண்டும். தேர்வுக்கான 30 படங்கள் வேறொரு மரத்தில், வேறொரு நாளில் எடுத்தவையாக இருக்கட்டும். ஒரே இலையை அடுத்தடுத்து எடுத்து இரண்டு பக்கமும் போடுவது, வினாத்தாளை முன்கூட்டியே கொடுப்பதற்குச் சமம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்குமே என்ற கவலை வேண்டாம். எப்படியும் 224 க்கு 224 புள்ளிகளாகச் சுருக்கித்தான் கணினிக்குக் கொடுப்போம். இலையின் பெயர் மாறிவிடாமல் தனித்தனியாக அனுப்பினால் போதும். படத்தில் யார் முகமும் வர வேண்டாம். எடுக்கும் முன் பிள்ளையிடம் இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வேப்பிலை ஓரத்தில் ரம்பப் பல் தட்டுப்படும்.

இரண்டாவது, படிகாரப் படிகம். 2023இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணினியால் கணித்து, அவற்றில் 3,80,000 நிலைத்து நிற்கக்கூடும் என்றது. கணிப்பது வேறு, செய்து பார்ப்பது வேறு. அதே ஆண்டு ஜூலையில், அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் என்று தென் கொரியாவிலிருந்து எல்கே-99 அறிவிக்கப்பட்டது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள், அந்தத் தன்மை கிடைக்கவில்லை. அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு 104 டிகிரி செல்சியஸ் அருகே அமைப்பு மாறும்போது மின்தடை சடாரெனக் குறைவதுதான் ஏமாற்றியது. ஜெர்மனியில் எல்கே-99ஐத் தூய படிகமாக வளர்த்தபோது அது ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி, மின்சாரம் கடத்தாத பொருளாக வந்தது. தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதைப் பிள்ளைகள் கையால் செய்து அறியட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் 60 கிராம் படிகாரம் வாங்குங்கள். 200 மி.லி. நீரைக் கை பொறுக்காத சூடு வரை சூடாக்கி (கொதிக்க வேண்டாம்) அதில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வையுங்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மறுநாள் அடியில் சிறு படிகக் கற்கள் இருக்கும். 3, 4 மி.மீ. அளவில் முகம் தெளிவான ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி, தெளிந்த கரைசலை வேறு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதில் தொங்கவிட்டுக் காகிதத்தால் மூட வேண்டும். கரைசல் முழுவதும் ஆறும் முன் தொங்கவிட்டால் கல்லே கரைந்துபோகும். பருத்தி நூல் என்றால் நார் நெடுகப் பொடிக்கற்கள் பிடிக்கும். தகரக் கூரையின் கீழோ சன்னலோரமோ வைத்தால் பகல் சூட்டில் வளர்ந்தது கரையும். பத்து நாள் அசைக்காமல் விட்டால் எட்டு முகம் கொண்ட கல் கிடைக்கும்.

மூன்றாவது, ஈரம் ஆஸ்பிரின் மாத்திரையைச் சிதைப்பதைப் பார்ப்பது. இது பள்ளி ஆய்வகத்திலேயே நடக்கும். வீட்டிலிருந்து மாத்திரை கொடுத்தனுப்ப வேண்டாம். பூச்சில்லாத ஆஸ்பிரின் மாத்திரைகளில் ஒன்று புதியது, மற்றது ஈரப் பஞ்சுடன் ஒரு வாரம் டப்பாவில் மூடி வைத்தது. இரண்டிலும் கால் துண்டை 5 மி.லி. நீரில் கலக்கி, ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விடுவார்கள். ஈரத்தில் சிதைந்ததில் சாலிசிலிக் அமிலம் இருப்பதால் ஊதா நிறம் தெரியும். டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாசனை வரும். வெறும் நீரில் சொட்டு விட்ட மூன்றாவது குழாயும் ஒப்பிட வேண்டும். முதல் நிமிடத்திலேயே நிறத்தைக் குறிக்க வேண்டும், ஏனெனில் புதிய மாத்திரையும் நீரில் மெல்லச் சிதையும். மருந்துப் பெட்டியைக் குளியலறையில் வைத்திருக்கும் வீடுகள் இடம் மாற்றிவிடுவது நல்லது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

மதிப்பெண் பெரிய கல்லுக்கோ கணினி சரியாகச் சொன்ன எண்ணிக்கைக்கோ அல்ல. எது தவறியது, ஏன் தவறியது என்று நாள்வாரியாக எழுதிய குறிப்பேட்டுக்கு. கல் கரைந்து போனால் புதிதாக வாங்கித் தந்து மறைக்க வேண்டாம். கரைந்த நாளையும் வைத்த இடத்தையும் எழுதி அனுப்பினால் முழு மதிப்பெண் உண்டு. வளர்ந்த கல்லைக் கரைசலோடு பேருந்தில் எடுத்து வர வேண்டாம். மெல்லிய துணியால் ஒற்றி, பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்