கிடையில் மீட்ட சிறுவனிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில், உரத்துக்காக இரவில் அடைத்து வைக்கும் கிடை ஆடுகள் இறங்கும்போது, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக மந்தைத் தலைவரான கீதாரியிடம் விடப்பட்ட சிறுவர்களும் கூடவே வருகிறார்கள். பார்ப்பவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. கிடை சில நாளில் இடம் மாறிவிடும். இப்போது யார் வயலில் கிடக்கிறது, அடுத்து யார் வயலுக்குப் போகிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். கிடைக்குக் காசு பேசிய நிலத்துக்காரரிடம் கீதாரியின் போன் நம்பர் இருக்கும்.

மீட்ட பிறகுதான் பல வழக்குகள் கெடுகின்றன. முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, “அடித்தார்களா, கட்டிப்போட்டார்களா?” என்று கேட்டால் பையன் இல்லை என்றுதான் சொல்வான். உடனே ‘கொத்தடிமை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உடம்பில் காயம் கேட்கவில்லை. முன்பணம் எவ்வளவு, யார் கையில் வாங்கினார்கள், மாதக் கூலி என்ன, பொங்கலுக்காவது வீட்டுக்கு விட்டார்களா, வேறு வேலைக்குப் போக முடியுமா என்பதே கேள்வி. அந்த முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர், 15-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்தவர்தான்.

கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அதிகாரி தரும் விடுதலைச் சான்று கைக்கு வராத வீட்டில், சட்டப்படி கடன் ரத்தானதைப் பெற்றோர் நம்புவதில்லை. கீதாரி மிச்சப் பணத்தைக் கேட்டு வந்தால் தம்பியை அனுப்பிவிடுகிறார்கள். ரத்தான கடனை வாங்குவதே 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சான்று கொடுக்கும்போதே இதைப் பெற்றோரிடம் அதிகாரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனடி உதவியான 30,000 ரூபாய் வரை, வழக்கு முடியக் காத்திராமல் தரவேண்டியது. மறுவாழ்வுத் தொகையாகச் சிறுவர்களுக்கான 2 லட்சமும், கடத்தல் போன்ற கொடிய வழக்குகளுக்கான 3 லட்சமும் தீர்ப்பைப் பொறுத்தவை. அதனால் முதல் தகவல் அறிக்கையில் கொத்தடிமைச் சட்டமும் ஆள்கடத்தல் பிரிவும் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் மட்டும் இருந்தால் பின்னால் எல்லாமே இழுபறிதான்.

கொத்தடிமைச் சட்டப்படி அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மூவரையும் சமூகப் பணியாளர் இருவரையும் ஆட்சியர் நியமிக்கலாம். சிறுவயதில் கிடையிலிருந்து மீண்டு, இன்று பிறருக்காக அலுவலகப் படியேறுகிறவர்களை அந்த இடங்களில் அமர்த்த வேண்டும். அவர்கள் பையனைத் தனியே கூட்டிப்போய், சாப்பிட வைத்து, “ராத்திரி எங்கே படுப்பே?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். “ஆட்டுக்கு நடுவுல” என்று அவன் சொன்னால் மற்றதெல்லாம் தானாக வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆட்சியர்கள் அடுத்த கிடைப் பருவத்துக்குள் இந்த நியமனங்களைச் செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொத்தடிமை மறுவாழ்வுப் பணியில் உள்ளோர்,
திருவாரூர் மாவட்டம்