எந்தக் கழிச்சல் என்று சோதித்துச் சொல்லுங்கள்

கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு, கொடைக்கானல் மேல்மலையில் நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்கள் சார்பில் ஒரு திறந்த மடல்.

வணக்கம். இந்த மழைக்கும் எங்கள் குஞ்சுகள் செத்தது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் ‘கழிச்சல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தக் கழிச்சல் என்று சோதித்துச் சொல்லுங்கள். அதற்கு மாதிரி எடுக்கும் வசதியை மலையிலேயே செய்து கொடுங்கள். நாங்கள் கேட்பது இதைத்தான்.

வெள்ளைக் கழிச்சல் எங்களுக்குத் தெரியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், பெரிய கோழியும் சாகும். அதற்கு உங்கள் ஆட்களே வந்து தடுப்பூசி போட்டார்கள், நன்றி. ரத்தக் கழிச்சலும் தெரியும். இது இரண்டும் இல்லை. பிறந்து ஒன்றிரண்டு வாரமே ஆன குஞ்சு, நுரையும் தண்ணீருமாகக் கழிகிறது. தின்ற தீவனம் செரிக்காமல் அப்படியே வெளியே வருகிறது. எச்சம் பின்பக்கத்து மயிரில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. வெந்நீரில் துணியை நனைத்து ஒவ்வொரு குஞ்சாகத் துடைத்துவிடுகிறோம். பிழைத்தவையும் வளர்வதில்லை. ஒரே நாளில் பொரித்தவற்றில் ஒன்று இன்னொன்றில் பாதிதான் இருக்கிறது.

ரோட்டா வைரஸ் தாக்கினால் இப்படி ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? குடலில் சத்தை உறிஞ்சும் பகுதியையே அது கெடுக்கிறது. ஆஸ்ட்ரோ, ரியோ வைரஸ்களும் கூடச் சேர்ந்துகொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கிறீர்கள். கோழிக்கு அப்படி ஒரு மருந்து வரவில்லை. அதனால் காரணம் தெரிந்தால்தான் நாங்கள் எதையாவது மாற்ற முடியும். இப்போது எல்லாக் கழிச்சலுக்கும் ஒரே ஆன்டிபயாட்டிக் பொடியைத்தான் தருகிறார்கள். வைரஸை அது என்ன செய்யும்? கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை போட்டதே, கண்டபடி கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும் என்றுதானே?

செத்த குஞ்சைக் கீழே ஆய்வகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சரி என்று மீன் கடையில் ஐஸ் வாங்கி, தூக்குவாளியில் போட்டுத் துணி சுற்றி, மன்னவனூரிலிருந்து பஸ் ஏறினோம். கொடைக்கானலில் ஒரு பஸ், வத்தலக்குண்டில் ஒரு பஸ். கீழே இறங்க இறங்க வெயில். ஐஸ் உருகி வாளியிலிருந்து வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், கண்டக்டர் எங்களைப் படிக்கட்டுப் பக்கம் நிற்கச் சொன்னார். ஆய்வகத்தில் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, “அழுகிப்போச்சும்மா, இதில் ஒன்றும் பார்க்க முடியாது” என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது சரிதான். செத்த உடம்பில் குடல் சீக்கிரம் அழுகும். அப்படியிருக்க, மலை உச்சியில் இருக்கும் பெண்ணைப் பார்த்து வாளியோடு இறங்கி வா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூண்டுக்கும் கேரட்டுக்கும் கீழிருந்து லாரி லாரியாகக் கோழி எரு ஏறி வருகிறது. எச்சத்தில் இந்த வைரஸ் நெடுநாள் சாகாமல் கிடக்கும். மக்க வைத்த எருதானா என்று எந்தச் சோதனைச் சாவடியிலாவது கேட்கிறார்களா? மானியத்தில் வரும் குஞ்சுகளையாவது ஏற்றும் முன் சோதிக்கிறீர்களா? மேல்மலையில் மழைக்காலம் முழுக்க, கொட்டகைத் தரையில் பரப்பும் உமி காய்வதில்லை. ஒரு கொட்டகையில் புகுந்த நோய் அடுத்த ஈட்டுக் குஞ்சையும் பிடிக்கிறது. மன்னவனூரில் ஆட்டுக்கும் முயலுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. கோழிக்கு நாங்கள் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதியது அதிகமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஐஸ் பெட்டியோடு ஒருவரை மேல்மலைக்கு அனுப்புங்கள். நோய்ப்பட்ட குஞ்சை இங்கேயே அறுத்துப் பார்த்துக் குடல் மாதிரி எடுக்கட்டும். அதை வைரஸ் சோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை எங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஈடு குஞ்சு இறக்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேல்மலை கோழி வளர்ப்புப் பெண்கள்