ஜெபக் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

மதிப்புக்குரிய போதகர் அவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஜெபக் குறிப்புகளை, அதாவது ஜெபம் தேவைப்படுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை, பற்றி ஒரு விண்ணப்பம். சபையார் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன். இதில் குற்றம் என்று ஏதாவது வந்தால் முதல் குற்றவாளி நானே.

அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. "ஜெபிக்கிறோம்" என்று போனில் தினமும் செய்தி வரும். உண்மையாகவே ஜெபித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தது நான் ஒருத்தி. ஓர் அக்கா மட்டும் ஒருநாள் கேட்காமலே வந்தார். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றுகூடச் சொல்லவில்லை. அழுக்கு விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்த் துவைத்தார். அப்புறம் என்னைத் தூங்க அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சபையில் அவர் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

அதற்கு முன்னால் எத்தனை பெயர்களுக்கு நான் "ஆமென்" சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போயிருக்கிறேன்!

யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் சொல்வது எங்களைப் போன்றவர்களைத்தான். உடுத்த இல்லாமல் பசியோடு நிற்பவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்கிறார்கள். வார்த்தையில் குறையே இல்லை, ஆசீர்வாதம்தான். ஆனாலும் யாக்கோபு "பிரயோஜனமென்ன?" என்று கேட்கிறார்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை மூப்பர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். ஆதிச் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் "ஜெபிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று வரிசையாக வரும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யார் தரப்பு விடுபட்டதோ, அந்தத் தரப்பு ஆட்கள் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பந்தி விசாரணைக்கு அவர்கள் கேட்ட தகுதியைப் பாருங்கள்: பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள், நற்சாட்சி பெற்றவர்கள். நாமோ பிரசங்கத்துக்குத்தான் அப்படி ஆள் தேடுகிறோம். உதவி வேலை என்றால் "யாருக்கு நேரம் இருக்கு?" என்பதோடு சரி.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். ஜெபக் குறிப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னொரு பெயர் இருக்கட்டும்: இந்த வாரம் அங்கே போகிறவர் யார் என்று. ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, காலி என்றே வாசியுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். நோயைப் பற்றி வெளியே சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சபையில் வாசிக்காமல் போகிறவரிடம் மட்டும் சொன்னால் போதும்.

ஒருமுறை போய்ப் பழம் கொடுத்துப் போட்டோ எடுத்து வருவதை நான் கேட்கவில்லை. இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லையே. தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இராத்தங்கிப் பராமரித்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் அது இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொன்னான். எனக்கு அந்தக் கடைசி வாக்குதான் பெரிதாகத் தெரிகிறது. அவன் உதவிய ஆள் எந்தச் சபை என்று அவன் விசாரிக்கவும் இல்லை. நம் பட்டியலிலும் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

முதல் வாரமே ஆள் இல்லை என்ற பேச்சு வேண்டாம். வியாழக்கிழமை இரவுகள் எனக்கு ஒழிவு. படுக்கையில் இருப்பவரைப் புரட்டத் தெரியும், விரிப்பு மாற்றத் தெரியும். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர் ஒருத்தி