சர்வர் அப்கிரேட் என்று சொல்லிக் கணக்கை அழித்தது குறித்து – நான்காவது புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தைய மூன்று புகாருக்கும் "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. என்னத்தைத் தீர்த்தீர்கள்? எங்கள் பலகாரக் கடை பில்லிங் இன்னும் ஓடவில்லை. பேத்தி நோட்டில் பில் எழுதுகிறாள்.

எங்கள் பில்லிங் ஓடுகிற விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற பழைய பதிப்புக்கு 2023 அக்டோபர் 10-ஓடு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் நின்றுபோனது, இனி வைரஸ் வந்தால் யாரும் பொறுப்பில்லை என்று போன் போட்டுப் பயமுறுத்தியது நீங்கள்தான். அது உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காகத் தை முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானமா ஆள் அனுப்புவது? கோட்டையூர் கல்யாணத்துக்கு மணகோலமும் சீப்புச்சீடையும் அடுப்பில் இருந்தன. "இன்பிளேஸ்தான் ஆச்சி, இருக்கிறது மேலேயே ஏத்திடலாம், ரெண்டு மணி நேரம்" என்றார் வந்த தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையான பிள்ளை.

போனில் பேசிய ஆளைத்தான் சொல்கிறேன். "பாட்டி, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, வீட்ல ஆம்பளைங்க இருந்தா குடுங்க." முப்பது வருஷமாகப் பேரேடு எழுதுகிறவள் நான். எனக்குப் புரியாதாம்!

புரிந்ததைச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் மைக்ரோசாஃப்ட் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினான். 2012 ஆர்2-விலிருந்து 2022 பதிப்புக்கு நேராகத் தாவ முடியாது. முதலில் 2016 அல்லது 2019-க்குப் போய், அங்கிருந்துதான் 2022. உங்கள் ஆள் கொண்டுவந்தது 2022. ஃபைலையும் புரோகிராமையும் வைத்துக்கொள்ளும் வரி மங்கிக் கிடந்ததாம், அழுத்தவே முடியவில்லையாம். "எதுவும் வேண்டாம்" என்றிருந்த வரியை அழுத்திவிட்டார். ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் அழுத்தினார், நான் பக்கத்திலேயே நின்றேன். பில்லிங்கும் போச்சு, கணக்கெல்லாம் இருந்த டேட்டாபேஸும் போச்சு.

பேக்கப்? அதே சர்வரின் டி டிரைவில். பெட்டகத்துச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே போட்டுப் பூட்டின கதை. அதுவும் ஐப்பசியோடு நின்றிருக்கிறது. வருஷா வருஷம் ஏஎம்சி என்று பராமரிப்புப் பணம் வாங்குகிற நீங்கள் ஒருநாளாவது திறந்து பார்த்தீர்களா? ஜிஎஸ்டிக்கு 72 மாதக் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆபீசர் வந்தால் யாரைக் காட்டுவேன், அந்தப் போன் ஆளையா?

இதில் மதுரையில் உங்கள் ஆபீசுக்கு அலைச்சல் வேறு. சிபியுவைக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிள்ளையார்பட்டி தாண்டும்போது கும்பிட்டுக்கொண்டேன், அதுவும் பலிக்கவில்லை. "இன்ஜினியர் இன்னிக்கு லீவு." ஒரு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கல்யாண ஆர்டர் அட்வான்ஸ் யாரிடம் எவ்வளவு என்று தெரியாமல் ஐந்து லட்சமாவது போயிருக்கும். மாமியார் காலத்துப் பெயர் போனதற்குக் கணக்கே இல்லை.

தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். பழைய டிஸ்க்கைத் தொடும் முன் அதற்கு ஒரு நகல் எடுக்கட்டும். நகலில் ஏற்றி, பில்லிங்கும் பிரிண்டரும் ஓடுகிறதா என்று காட்டிவிட்டு அப்புறம் கடை மெஷினில் கை வைக்கட்டும். கெட்டுப்போனால் எப்படிப் பழையபடி திருப்புவது என்பதை எழுதித் தரட்டும். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். இந்த வருஷ ஏஎம்சி பணமும் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் சிவகங்கை நுகர்வோர் கோர்ட்டில் பார்ப்போம். வக்கீல் எங்கள் பங்காளிதான்.

இப்படிக்கு,
காரைக்குடி பலகாரக் கடை ஆச்சி

பி.கு: சிபியுவின் பவர் கேபிள் உங்கள் ஆபீஸ் மேசையிலேயே தங்கிவிட்டது. வருகிறவர் எடுத்து வரவும்.